மொட்டை மாடி, ஒரு பாய், அரை மணி நேரம்

மொட்டை மாடிக்குப் போயி அண்ணாந்து ஒரு பார்வை பாத்துட்டு "எங்க ஏரியால ஸ்டாரே தெரியாதுங்க"ன்னு இறங்கிடுறவங்க நிறைய பேரு, ஆனா அவங்க கண்ணு இன்னும் ரெடியே ஆகியிருக்காது. நம்ம கண்ணுக்குள்ள மங்கல் வெளிச்சத்தைப் பிடிக்கிறது குச்சி செல்கள், அதுல இருக்கிற ரோடாப்சின்ங்கிற பொருள் டியூப்லைட் வெளிச்சத்துல சிதைஞ்சு போயிடும், இருட்டுல அது திரும்ப ஊறி வர 20லேருந்து 30 நிமிஷம் ஆகும். நடுவுல மெசேஜ் வந்திருக்கான்னு போனை எடுத்துப் பாத்தீங்கன்னா திரும்பவும் காத்திருக்கணும். டார்ச் வேணும்னா செவப்பு கண்ணாடி பேப்பரைச் சுத்திக்கோங்க, மங்கலான செவப்பு வெளிச்சம் குச்சி செல்லை அவ்வளவா பாதிக்காது.

பாயை விரிச்சுப் படுத்துடுங்க. அமாவாசையை ஒட்டின நாளா இருந்தா ரொம்ப நல்லது.

மார்கழி மாசம் ராத்திரி எட்டு மணிக்கு கிழக்குப் பக்கம் பாத்தா மூணு ஸ்டார் ஒரே கோட்டுல சம இடைவெளியில சாய்ஞ்சு நிக்கும், அதான் வேட்டைக்காரன் உருவத்துல இருக்கிற ஓரையன்ங்கிற ஸ்டார் கூட்டத்தோட இடுப்பு பெல்ட், இதைக் கண்டுபிடிச்சுட்டா மத்ததெல்லாம் அதுவே காட்டிக் கொடுக்கும். பெல்ட்டுக்கு இடது பக்கம் ஆரஞ்சு நிறத்துல ஒண்ணு, அதுதான் நம்ம திருவாதிரை. வலது பக்கம் நீலம் கலந்த வெள்ளையில ரைஜல். ரெண்டையும் மாத்தி மாத்தி பாருங்க, கலர் வித்தியாசம் நல்லாவே தெரியும். திருவாதிரையோட மேற்பரப்பு சூடு சுமார் 3,500 கெல்வின் (சூட்டை அளக்குற அலகு) தான், ரைஜல் சுமார் 12,000, கொல்லன் உலையில இரும்பு முதல்ல செவந்து அப்புறம் வெளுக்குதே அதே கணக்குதான். மங்கலான ஸ்டார் எல்லாம் ஒரே வெள்ளையா தெரியறதுக்குக் காரணம் குச்சி செல்லுக்கு கலர் தெரியாதுங்கிறது, கலர் பாக்குற கூம்பு செல்லுக்கு நல்ல வெளிச்சம் வேணும். 2019 கடைசியில திருவாதிரை மங்க ஆரம்பிச்சு 2020 பிப்ரவரியில ரொம்பவே மங்கிப்போச்சு, அதை எந்தக் கருவியும் இல்லாம வெறும் கண்ணாலேயே கவனிக்க முடிஞ்சுது, அது கக்கின தூசி நமக்கும் அதுக்கும் நடுவுல வந்து மறைச்சதுதான் காரணம்னு சொல்றாங்க.

பெல்ட் கோட்டை கீழ நீட்டுனா சிரியஸ், ராத்திரி வானத்துலயே பளிச்சுன்னு இருக்கிற ஸ்டார், 8.6 ஒளியாண்டு தூரம். மேல நீட்டுனா ரோகிணி, இன்னும் கொஞ்சம் மேல போனா கார்த்திகைக் கூட்டம்.

கார்த்திகையை நேரா முறைச்சுப் பாக்காதீங்க. கண்ணோட நட்ட நடுவுல குச்சி செல்லே கிடையாது, அதனால நேரா பாத்தா மங்கலான ஸ்டார் எல்லாம் காணாமப் போயிடும். பார்வையை ஒரு விரல் தள்ளி வெச்சுக்கிட்டு கவனத்தை மட்டும் அங்க வைங்க, மங்கலானதும் கூட தெரிய வரும். எங்க வீட்டு மாடியில எனக்கு நாலு தாண்டுனதில்ல, தெருவிளக்கு ஜாஸ்தி. கிராமத்துல வயக்காட்டு வரப்புல உக்காந்து பாத்தப்போ ஆறையும் எண்ணிட்டேன், பழைய ஆளுங்க ஏன் அறுமீன்னு பேரு வெச்சாங்கன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது.