ஓஷன் கிரே எந்த நிறம்?

இரண்டாம் உலகப் போர்க் கால பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரின் மாடலில் மேற்பக்கத்துக்கு வேண்டும் என்று நான்கு கம்பெனிகளின் ‘ஓஷன் கிரே’ டப்பாக்களை வாங்கி, ஒரே வெள்ளை அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் பூசிப் பாருங்கள். ஒன்றில் நீலம் தூக்கலாக இருக்கும். ஒன்று லேசாகப் பச்சைப் பக்கம் சாயும். இன்னொன்று மற்ற மூன்றையும்விட இருட்டாக நிற்கும். பெயர் மட்டும் நான்கிலும் ஒன்றே. பெங்களூரில் பிளாஸ்டிக் விமான மாடல் கட்டுகிறவர்கள் இரண்டு பேர் சந்தித்துவிட்டால், கொஞ்ச நேரத்தில் பேச்சு இங்கேதான் வந்து சேரும்: இதில் எது சரியான நிறம்?

நிறம் உண்டாக மூன்று வேண்டும். மேலே விழும் ஒளி, அந்த ஒளியில் எந்த அலைநீளத்தை எவ்வளவு திருப்பி அனுப்புவது என்று தீர்மானிக்கும் பரப்பு, அப்புறம் பார்க்கிற கண். பெயிண்ட் கம்பெனி விற்பது இந்த மூன்றில் நடுவில் உள்ளதை மட்டும்தான். மற்ற இரண்டும் நம் வீட்டில் இருக்கின்றன. சண்டையில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

நிறங்களுக்கு எண் கொடுத்தால் குழப்பம் தீரும் என்று பல நாடுகள் முயன்றிருக்கின்றன. ஜெர்மனியின் ரால் பட்டியல் 1927-இல் 40 நிறங்களோடு வந்தது. பிரிட்டனின் பி.எஸ். 381சி 1930-களின் தொடக்கத்தில் வந்தது. அமெரிக்காவின் ஃபெடரல் ஸ்டாண்டர்ட் (எஃப்.எஸ்.) 595 வந்தது 1956-இல். 2017-இல் அதை விலக்கிவிட்டு ஏ.எம்.எஸ். 595 என்ற தரத்துக்கு மாறினார்கள். மாடல்காரர்கள் வாயில் இன்னும் எஃப்.எஸ். எண்தான். அந்த எண்ணிலேயே தகவல் இருக்கிறது. 36375 என்றால் முதல் 3 மேட், அதாவது பளபளப்பு இல்லாதது; 1 என்றால் முழுப் பளபளப்பு, 2 என்றால் பாதி. அடுத்த 6 சாம்பல் குடும்பம். மீதி மூன்று இலக்கம் கூடக் கூட நிறம் வெளிறும். நம் நாட்டிலும் ஐ.எஸ். 5 என்று ஒரு தரம் உண்டு. பீன்யாவில் மின்சாரப் பேனல் செய்யும் பட்டறைகளில் ‘631’ என்றாலே லைட் கிரே என்று புரிந்துகொள்வார்கள்.

சரி, எண் தெரிந்தால் போதுமா? ஜே.சி. ரோட்டில் கார் பெயிண்ட் கலந்து தரும் ஒரு தமிழ்ப் பையனிடம் கம்பெனி கலர் நம்பரைச் சொன்னேன். “நம்பர் இருக்கட்டும்ணா, பெட்ரோல் மூடியைக் கழட்டிட்டு வாங்க” என்றான். எண் சொல்வது தொழிற்சாலையில் ஒப்புக்கொண்ட மாதிரித் துண்டின் நிறத்தை. வண்டி இன்று என்ன நிறத்தில் நிற்கிறது என்பது வேறு விஷயம். விமானங்களுக்கும் இதே கதைதான். 1940 ஜூனில் பிரிட்டிஷ் போர் விமானங்களின் அடிப்பக்கத்துக்கு ‘ஸ்கை’ என்ற நிறத்தைப் பூச உத்தரவு வந்தபோது அந்தப் பெயிண்ட் போதிய அளவு கையிருப்பில் இல்லை. விமானத் தளங்களில் கிடைத்ததைக் கலந்து அடித்தார்கள். அந்தக் கோடையில் பறந்த ஒரு விமானத்துக்கு ‘ஸ்கை’யின் துல்லியமான நிறம் எது என்று கேட்டால், எந்தத் தளம், எந்த வாரம் என்று திருப்பிக் கேட்கத்தான் வேண்டும்.

இப்போது ஒளிக்கு வருவோம். பெண்கள் இதில் நம்மைவிட முன்னால் இருக்கிறார்கள். சிக்பேட்டை மேட்சிங் சென்டரில் புடவைக்கு ரவிக்கைத் துணி எடுக்கும்போது, டியூப்லைட்டில் பொருந்தியதை அப்படியே நம்பாமல் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பார்கள். அவர்கள் பிடிக்கப் பார்ப்பது மெட்டமரிசம் என்ற ஒளியியல் வேடிக்கையை. நம் கண்ணில் நிறம் உணரும் கூம்பு செல்கள் மூன்று வகை. வரும் ஒளியில் எந்த அலைநீளம் எவ்வளவு என்ற நிறமாலை முழுவதையும் அவை மூன்றே எண்ணாகச் சுருக்கி மூளைக்கு அனுப்புகின்றன. இதனால் முற்றிலும் வேறு வேறு நிறமாலை கொண்ட இரண்டு பூச்சுகள், ஒரு குறிப்பிட்ட ஒளியில் மட்டும், அதே மூன்று எண்ணைத் தந்துவிட முடியும். விளக்கை மாற்றினால் எண்கள் பிரிந்துவிடும்.

கறுப்பும் வெள்ளையும் கலந்து, ஒரு சொட்டு நீலம் சேர்த்து ஒரு சாம்பல் செய்யலாம். நீலத்தையும் பழுப்பையும் வெள்ளையில் கலந்தும் அதே சாம்பலைக் கொண்டுவரலாம். ஜன்னல் ஓரத்தில் இரண்டும் ஒன்று போலத் தெரிந்தால்கூட, வீட்டு எல்.இ.டி. விளக்கின் கீழ் ஒன்று சிவப்பாகவோ பச்சையாகவோ ஒதுங்கலாம். வெள்ளை எல்.இ.டி. என்பது உள்ளே 450 நானோமீட்டர் பக்கம் ஒளிரும் ஒரு நீலச் சில்லு. அதன் மேல், நீலத்தில் ஒரு பகுதியை வாங்கி மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் பூச்சு. ஆகவே அதன் நிறமாலையில் நீலத்தில் ஒரு கூர்முனை, 480 பக்கம் ஒரு பள்ளம், ஆழ்ந்த சிவப்பில் பற்றாக்குறை. விளக்கின் ஒளியில் நிறங்கள் எவ்வளவு சரியாகத் தெரியும் என்பதற்கான அளவு சி.ஆர்.ஐ.; விளக்கு டப்பாவில் போட்டிருக்கும் சி.ஆர்.ஐ. 80 என்பது எட்டு மாதிரி நிறங்களின் சராசரி மட்டுமே. ஆழ்ந்த சிவப்புக்கான ஆர்9 என்ற மதிப்பு அந்தச் சராசரியில் சேர்வதே இல்லை. மாடலுக்கு நிறம் கலக்கிற மேஜையில் சி.ஆர்.ஐ. 90-க்கு மேல், ஆர்9 தனியாகக் குறிப்பிட்ட விளக்கு ஒன்று வாங்கிப் போடுவது, இன்னொரு சாம்பல் டப்பா வாங்குவதைவிட நல்ல செலவு என்பேன்.

கலப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பாதி வெள்ளை, பாதி கறுப்பு கலந்தால் நடுச் சாம்பல் வரும் என்று நினைக்கத் தோன்றும். வருவதோ கரிக்கட்டி நிறம். பால் குபெல்கா, ஃபிரான்ஸ் முங்க் இருவரும் 1931-இல் தந்த சமன்பாடு இதை விளக்குகிறது. பூச்சுக்குள் நுழைந்த ஒளி வெள்ளைத் துகள்களில் பலமுறை சிதறித் திரும்புகிறது. அந்த நீண்ட பயணத்தில் வழியில் ஒரே ஒரு கறுப்புத் துகள் பட்டாலும் அது விழுங்கப்பட்டுவிடும். எளிமையாகக் கணக்குப் போட்டால், 90 சதவீத ஒளியைத் திருப்பும் வெள்ளையில் நூற்றில் ஒரு பங்கு கறுப்பு கலந்ததுமே எதிரொளிப்பு 60 சதவீதம் பக்கம் இறங்கிவிடுகிறது. வெள்ளையில் கறுப்பைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், கறுப்பில் வெள்ளையை ஊற்றிச் சரிசெய்யப் போனால் டப்பா காலியாகும் என்பதெல்லாம் இதிலிருந்து வருவதுதான். இன்னொன்று: தண்ணீரில் கரையும் அக்ரிலிக் ஈரமாக இருக்கும்போது அதன் பிசின் நுண்துளிகளே ஒளியைச் சிதறடித்துப் பால்போல் காட்டும். காய்ந்து ஒன்றுசேர்ந்ததும் பிசின் தெளிந்து, நிறம் ஒரு படி இருண்டுவிடும். ஈரத்தில் நிறம் பார்த்து முடிவு செய்வது வீண்.

அடுத்தது பளபளப்பு. மாடல்காரர்கள் இதற்குத் தரும் கவனம் போதாது. பிசினின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5. காற்றிலிருந்து அதன்மேல் நேராக விழும் ஒளியில் 4 சதவீதம், நிறமியைத் தொடாமலே மேற்பரப்பில் திரும்பிவிடுகிறது. கிளாஸ், அதாவது பளபளப்பான பூச்சில் அந்த 4 சதவீதமும் கண்ணாடியில் போல ஒரே திசையில் போகும்; கொஞ்சம் நகர்ந்து நின்றால் நம் கண்ணில் படாது. மேட் பூச்சில் அது எல்லாத் திசையிலும் சிதறி, எங்கே நின்று பார்த்தாலும் நிறத்தோடு கலந்து வரும். 40 சதவீதம் திருப்பும் வெளிர்சாம்பலுக்கு இது பெரிய மாற்றம் இல்லை. 7 சதவீதம் மட்டும் திருப்பும் டார்க் கிரீனுக்கு, மேலே 4 சேர்ந்தால் பாதிக்கு மேல் கூடிவிட்டது என்று அர்த்தம். டிகால் எனும் சின்னப் படங்களை ஒட்டுவதற்காகக் கிளாஸ் அடித்ததும் “ஐயோ, பச்சை கறுப்பாகிவிட்டதே” என்று பதறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மேட் வார்னிஷ் அடித்ததும் அது திரும்பி வந்துவிடும். எஃப்.எஸ். எண்ணின் முதல் இலக்கத்தைப் பளபளப்புக்கு ஒதுக்கினார்களே, காரணம் இல்லாமல் இல்லை.

மாடல் உலகின் நீண்ட தகராறு ‘ஸ்கேல் எஃபெக்ட்’. 1/72 அளவு மாடலை, அதாவது நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு உள்ளதை, 50 சென்டிமீட்டர் தள்ளிப் பார்ப்பது, நிஜ விமானத்தை 36 மீட்டர் தள்ளிப் பார்ப்பதற்குச் சமம். தூரத்துப் பொருள் காற்றில் வெளிறித் தெரியும். ஆகவே மாடல் நிறத்தில் வெள்ளை கலக்க வேண்டும் என்பது வாதம். 1/72-க்கு 15 சதவீதம், 1/48-க்கு 10, 1/32-க்கு 7 என்று ஒரு வாய்ப்பாடும் சுற்றிவருகிறது. வாதத்தின் முதல் பாதி நியாயமானது. நந்தி மலையைத் தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்குக் காற்று என்ன செய்யும் என்று தெரியும். ஆனால் 36 மீட்டரில்?

கணக்குப் போட்டுவிடலாம். ஹரால்ட் கோஷ்மீடர் 1924-இல் தந்த விதிப்படி, காற்றில் சிதறிய ஒளி தூரத்துக்கு ஏற்ப அடுக்குக்குறி விதியில் கூடுகிறது. பார்வைத் தூரம் 10 கிலோமீட்டர் உள்ள சாதாரண நாளில் 36 மீட்டருக்குள் சேரும் காற்றொளி வெறும் 1.4 சதவீதம். கண்ணுக்கு இது தெரிந்தும் தெரியாத அளவு. 15 சதவீதம் வெளிற வேண்டுமானால் பார்வைத் தூரம் 900 மீட்டருக்குக் கீழே போக வேண்டும். மார்கழி விடியலில் தேவனஹள்ளி விமான நிலையத்தைப் பனி மூடியிருக்கும் நேரத்தில் வேண்டுமானால் அந்த வாய்ப்பாடு சரிவரும்.

ஆனாலும் டப்பாவில் உள்ளபடியே பூசிய மாடல் இருட்டாகத்தான் தெரிகிறது. அது பொய் இல்லை. காரணம் காற்றல்ல, வெளிச்சத்தின் அளவு. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; உச்சி வெயிலில் தரையில் விழுவது ஒரு லட்சம் லக்ஸ். நம் வரவேற்பறையில் சில நூறு லக்ஸ் இருந்தால் அதிகம். வெளிச்சம் குறையக் குறைய நிறத்தின் செறிவு மங்குகிறது, ஒளிக்கும் நிழலுக்கும் உள்ள வித்தியாசமும் தேய்கிறது. முதலாவதற்கு ஹன்ட் விளைவு, இரண்டாவதற்கு ஸ்டீவன்ஸ் விளைவு என்று பெயர். வெயிலில் தெளிவாகப் பிரிந்து தெரிந்த டார்க் கிரீனும் ஓஷன் கிரேயும் அலமாரிக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது இதனால்தான்.

நோய் இதுவென்றால் மருந்தும் மாற வேண்டும். வெள்ளை கலந்தால் ஒளிர்வு கூடும். ஆனால் ஏற்கனவே மங்கிய செறிவு இன்னும் மங்கும், நிறம் சுண்ணாம்பு பூத்த மாதிரி ஆகிவிடும். பச்சையை ஏற்ற மஞ்சளோ மணல் நிறமோ, பழுப்பை ஏற்ற காவியோ சேர்ப்பது மேல். சதவீதம் எவ்வளவு என்பதை அலமாரி விளக்குதான் சொல்லும், ஸ்கேல் அல்ல. 1/32 மாடல் மங்கலான மூலையில் நின்றால் அதற்கு 1/72-ஐவிட அதிகமாகக்கூட வெளிற வைக்க வேண்டி வரலாம்.

உண்மையிலேயே ஸ்கேலுக்கு அடங்காத ஒன்று உண்டு: வெள்ளி நிறம். உலோகப் பெயிண்டில் மின்னும் அலுமினியச் சில்லு 20 மைக்ரான் இருந்தால், 1/72-இல் அது நிஜ விமானத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் ஜிகினாவுக்குச் சமம். மிக நுண்ணிய சில்லு உள்ள பெயிண்டைத் தேடுவது தவிர வழியில்லை.

ஆதாரம் எங்கே தேடுவது? பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் ஏமாற்றும். ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பே தெரியாது, மஞ்சளும் சரியாகப் பதியாது. அதில் எடுத்த படங்களில் ஸ்பிட்ஃபயரின் வட்டச் சின்னத்தைச் சுற்றியுள்ள மஞ்சள் வளையம் கறுத்து, பக்கத்து உருமறைப்பில் கலந்து காணாமல் போயிருக்கும். கலர் ஃபிலிமிலோ சாயங்கள் ஒவ்வொன்றும் வேறு வேறு வேகத்தில் மங்குகின்றன. சரி, நேரில் போய்ப் பார்க்கலாம் என்றால், நமக்கு கஸ்தூர்பா சாலையில் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியக வளாகத்தில் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை செய்த மாருத் போர் விமானம் ஒன்று நிற்கிறது. பழைய விமான நிலையச் சாலையில் எச்.ஏ.எல். அருங்காட்சியகம் இருக்கிறது. 1961 ஜூன் 17-இல் இதே ஊரில் முதன்முதலாகப் பறந்த அந்த மாருத்தின் இறக்கை வளைவையும் தகட்டு இணைப்புகளையும் தெரிந்துகொள்ள அவற்றைவிட நல்ல இடம் கிடையாது. நிறத்துக்கு மட்டும் நம்ப வேண்டாம். திறந்தவெளியில் நிற்கும் விமானத்துக்கு மறுபூச்சு தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். புற ஊதாக் கதிர் பட்டு, பெயிண்டில் உள்ள டைட்டானியம் டை ஆக்சைடு தன்னைச் சுற்றியுள்ள பிசினையே அரிக்க உதவுகிறது. நிறமி மாவாக வெளியே வந்து, ஒளியைக் கண்டபடி சிதறடித்து, பூச்சு வெளுக்கிறது. ஈர விரலால் தேய்த்தால் பழைய நிறம் ஒரு நொடி எட்டிப் பார்க்கும். காவலர் பார்க்காதபோதுகூட இதைச் செய்யாதீர்கள்.

வேலைக்கு உதவும் முறை ஒன்றுதான். எண்ணை வைத்துக் குடும்பத்தைத் தீர்மானியுங்கள். எந்த ஆண்டு, எந்தப் படைப்பிரிவு என்று பார்த்து எவ்வளவு வெளுத்திருக்கும் என்று ஊகியுங்கள். அப்புறம் மாடலில் போட்ட அதே பிரைமரின், அதாவது அடிப்பூச்சின் மேல், பிளாஸ்டிக் துண்டில் மூன்று நான்கு கலவைகளைப் பூசி, ஒரு நாள் காயவிட்டு, கடைசியில் அடிக்கப் போகும் அதே வார்னிஷை அடியுங்கள். மாடல் நிற்கப் போகும் அலமாரியில், அதன் விளக்கின் கீழ், பக்கத்தில் வேறு பளிச்சென்ற நிறம் இல்லாமல் வைத்துத் தேர்ந்தெடுங்கள். போட்டிக்குக் கொண்டுபோகிற மாடல் என்றால் மண்டபத்தில் என்ன விளக்கு இருக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. அதற்குக் கூடியவரை குறைந்த நிறமிகளில் கலவையை முடித்து, அதே துண்டை ஜன்னலிலும் டியூப்லைட்டிலும் எல்.இ.டி.யிலும் காட்டி, மூன்றிலும் அதிகம் ஒதுங்காததை எடுத்துக்கொள்ளுங்கள்.