காய்ச்சல் விட்ட நாள்தான் கண்டம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் யாருக்காவது டிங்கி (டெங்கு) காய்ச்சல் என்றால், பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது “பிளேட்லெட் எவ்வளவு?” என்றுதான். இரத்தம் உறைய உதவும் நுண்ணணுக்களின் எண்ணிக்கை அது. பின்னாலேயே பப்பாளி இலைச் சாறும் வந்துவிடும். கேட்பதில் தவறில்லை. ஆனால் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் அந்த எண் அல்ல, இரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியேறும் கசிவு.

டிங்கி வைரஸில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகை வந்து குணமானவரை அதே வகை மறுபடி அண்டாது. வேறு வகை வந்தால்தான் வம்பு. முதல் தொற்றை எதிர்க்க உடல் உண்டாக்கிய பழைய எதிர்ப்பொருள்கள் புதிய வைரஸின்மேல் ஒட்டும். ஆனால் அதை முடக்காது. எதிர்ப்பொருள் ஒட்டியதை விழுங்குவது சில வெள்ளையணுக்களின் வேலை. அவை விழுங்க, வைரஸ் அவற்றுக்குள்ளேயே பெருகுகிறது. காவல்காரனே திருடனைத் தோளில் தூக்கி வந்து நடுவீட்டில் இறக்கிவிட்ட கதை. கியூபாவில் 1977-இல் முதல் வகை பரவியது. 1981-இல் இரண்டாம் வகை வந்தபோது 158 பேர் இறந்தார்கள். அவர்களில் 101 பேர் குழந்தைகள். கைக்குழந்தைக்கு முதல் தொற்றே கடுமையாவதும் உண்டு. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் தேய்ந்து அரைகுறையாக மிஞ்சியிருப்பதுதான் அதற்குக் காரணம்.

தொற்றிய அணுக்கள் அபாய அறிவிப்பாகச் சைட்டோகைன்கள் என்ற சமிக்ஞைப் புரதங்களைக் கொட்டுகின்றன. வைரஸ் வெளியிடும் என்எஸ்1 புரதமும் சேர்ந்துகொள்ள, நுண்குழாய்களின் உட்சுவர் நெகிழ்ந்து, இரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றுக்குள்ளும் நுரையீரலைச் சுற்றியும் கசிகிறது. இது நடப்பது மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் வேளையில். அப்போது இரத்தத்தில் வைரஸ் குறைந்துகொண்டிருக்கும்! “சூடு விட்டுவிட்டது” என்று மறுநாளே செம்பனைக் குலை வெட்டப் போவது எவ்வளவு ஆபத்து என்று இப்போது புரியும்.

வார்டில் நோயாளி தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார். தாதியோ அவர் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்: சில்லென்றிருக்கும். நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும், சிவக்காது. இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 40 விழுக்காட்டிலிருந்து 48-க்கு ஏறியிருக்கும். நீர் வெளியேறி இரத்தம் கெட்டியாகிவிட்டது என்று பொருள். விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், அசதி இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவமனைதான். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் பக்கம் போகவே கூடாது.

பிளேட்லெட் 20,000 அல்லது அதற்கும் கீழே இறங்கிய பெரியவர்களிடம் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. முன்னெச்சரிக்கையாகப் பிளேட்லெட் ஏற்றியதால் இரத்தக்கசிவு தடுக்கப்படவில்லை, பக்கவிளைவுகள்தான் கூடின. உயிரைக் காப்பது அளந்து ஏற்றும் உப்புநீர். அதிலும் அளவு முக்கியம். கசிவு 24 முதல் 48 மணி நேரத்தில் நின்று, வெளியேறிய நீர் தானாகவே குழாய்களுக்குத் திரும்பும். அப்போதும் டிரிப் ஓடிக்கொண்டிருந்தால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். ஆகவே, டாக்டர் டிரிப்பைக் கழற்றினால் உறவினர்கள் சண்டைக்குப் போக வேண்டியதில்லை.