வேடிக்கை பார்த்த கண்கள்

தீபாவளிக்கு முந்தைய நாளே எங்கள் மருத்துவமனையில் அறுவை அரங்கைத் தயார்நிலையில் வைத்துவிடுவோம். மதுரையில் கண் மருத்துவராகப் பணிபுரிந்துவரும் 22 ஆண்டுகளில் பெரும்பாலான தீபாவளிகள் எனக்கு அவசரப் பிரிவிலேயே கழிந்திருக்கின்றன. ஆனாலும் இந்தப் பண்டிகை மீது எனக்குள்ள பிரியம் குறையவில்லை. விடியும் முன்பே எழுப்பி, உச்சந்தலையில் நல்லெண்ணெய் வைத்து, சீயக்காய் தேய்த்து வெந்நீரில் குளிக்கவைத்து, ஓரத்தில் மஞ்சள் தடவிய புதுச்சட்டையை அப்பா கையால் வாங்கிக்கொடுத்து, ஓர் உருண்டை தீபாவளி மருந்தையும் விழுங்கவைத்த பிறகே தெருவுக்கு அனுப்பிய அந்த விடியற்காலையை என் பிள்ளைகளும் அனுபவிக்க வேண்டும் என்றே விரும்புகிறேன். பட்டாசே வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. சிவகாசியையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்ந்த குடும்பங்கள் என்னிடம் சிகிச்சைக்கு வருகின்றன. அவர்கள் வீட்டில் அடுப்பு எரிவது இந்தத் தொழிலால்தான் என்பதை நான் அறிவேன்.

நான் சொல்ல வருவது வேறு. பட்டாசுக் காயத்தோடு எங்களிடம் வருபவர்களில் கணிசமானோர் அன்று ஒரு பட்டாசைக்கூடக் கொளுத்தாதவர்கள். வாசலில் நின்று பார்த்தவர்கள், பால் வாங்கப் போனவர்கள், இரு சக்கர வாகனத்தில் அந்தத் தெருவைக் கடந்தவர்கள். சில ஆண்டுகளுக்கு முன் வந்த 11 வயதுச் சிறுவன் ஒருவன், தன் வீட்டுப் படியில் அமர்ந்து அதிரசம் தின்றுகொண்டிருந்தபோது, எதிரே யாரோ வெடியின் மேல் கொட்டாங்கச்சியைக் கவிழ்த்துவைத்துக் கொளுத்தியிருக்கிறார்கள். சிதறிய சில்லு ஒன்று அவனுடைய வலது கண்ணைத் தாக்கியது.

வெடியின் மேல் கொட்டாங்கச்சியோ தகர டப்பாவோ கவிழ்ப்பது நம் தெருக்களில் நெடுங்காலமாக நடந்துவரும் விளையாட்டுத்தான். ஆனால் அன்று முற்றமும் அகன்ற தெருவும் இருந்தன. ஊதுபத்தியை யார் கையில் கொடுப்பது என்று முடிவெடுக்கத் தாத்தாவோ சித்தப்பாவோ அருகில் நின்றார்கள். இன்று அடுக்குமாடிக் குடியிருப்பில் நிறுத்தப்பட்ட இரண்டு கார்களுக்கு இடைப்பட்ட சந்தில்தான் பிள்ளைகள் வெடிக்கிறார்கள். பெரியவர்கள் தொலைக்காட்சிச் சிறப்பு நிகழ்ச்சிகளின் முன் அமர்ந்துவிடுகிறார்கள். ஒரு கையில் ஊதுபத்தியும் மறு கையில் படமெடுக்கும் கைப்பேசியுமாகக் குனிபவரின் பார்வை திரையில் இருக்கிறதே தவிர, திரியில் இருப்பதில்லை.

ஆபத்தில்லாதது என்று நம்பி மிகச் சிறிய குழந்தையின் கையில் நாம் கொடுக்கும் கம்பி மத்தாப்பின் நுனி 1000 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடாகிறது. எரிந்து முடிந்த கம்பியைத் தண்ணீர் வாளியில் போடாமல் தரையில் எறிந்தால், அடுத்து ஓடிவரும் குழந்தை அதை மிதிக்கிறது. அணைந்துவிட்டது என்று நினைத்துப் புஸ்வாணத்தின் மேல் குனிபவர்களுக்கு இரு கண்களிலும் சேர்ந்தே தீக்காயம் ஏற்படுகிறது. என்னை அதிகம் வருத்துவது மறுநாள் காலை வருபவர்கள். வெடிக்காத வெடிகளைப் பொறுக்கி, பிரித்து, மருந்தைக் காகிதத்தில் கொட்டிக் கொளுத்திப் பார்ப்பதற்கு வீட்டுப் பெரியவர்கள் உறங்கும் நேரம் போதுமானது. இரவே தெருவைக் கூட்டி, குப்பையில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் படுக்கும் வீடுகளிலிருந்து இத்தகைய நோயாளிகள் வருவதில்லை.

காயத்தைவிடச் சில வேளைகளில் முதலுதவியே கண்ணைக் கெடுத்துவிடுகிறது. தாய்ப்பால், விளக்கெண்ணெய், வீட்டில் மிஞ்சியிருக்கும் பழைய சொட்டு மருந்து ஆகிய எதையும் கண்ணில் ஊற்றக்கூடாது. வெடிமருந்துத் தூள் கண்ணில் விழுந்திருந்தால் குழாய்த் தண்ணீரிலாவது 20 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். ஆனால் கண் கிழிந்திருந்தாலோ, ஏதேனும் குத்தி நின்றாலோ, அதைப் பிடுங்காமல், கழுவாமல், கசக்காமல், கண்ணின் மேல் அழுத்தம் படாதபடி ஒரு காகிதக் கோப்பையின் அடிப்பாகத்தைக் கவிழ்த்து ஒட்டி உடனே புறப்பட வேண்டும். வழியில் பிள்ளை அழுகிறதே என்று பலகாரமோ பாலோ கொடுத்துவிடுகிறார்கள். வயிற்றில் உணவு இருந்தால் மயக்க மருந்து கொடுக்க முடியாமல் அறுவை சிகிச்சை மணிக்கணக்கில் தள்ளிப்போகிறது. இதைப் பெற்றோருக்கு முன்கூட்டியே யாரும் சொல்வதில்லை.

உச்ச நீதிமன்றம் 2018-இல் பட்டாசு வெடிக்க இரண்டு மணி நேரம் மட்டும் அனுமதித்தபோது, தமிழ்நாடு அரசு அதைக் காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை எனப் பிரித்து அறிவித்தது. பண்டிகையைச் சுருக்கிவிட்டார்கள் என்று பலர் கோபப்பட்டார்கள். காற்று மாசை விட்டுவிட்டு என் துறையை மட்டும் வைத்துப் பார்த்தாலும் அது நல்ல ஏற்பாடு என்றே கருதுகிறேன். எப்போது வெடிப்பார்கள் என்று தெரிந்தால் பெரியவர்கள் உடன் நிற்க முடியும், வழிப்போக்கர்கள் விலக முடியும், கைக்குழந்தையையும் வயோதிகரையும் உள்ளே வைத்திருக்க முடியும். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள், வலசை வரும் பறவைகள் மிரளக்கூடாது என்பதற்காகப் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதையே விட்டுவிட்டார்கள். எண்ணெய்க் குளியலும் பலகாரமும் புதுத்துணியும் அங்கும் உண்டு.

அந்தச் சிறுவனின் கருவிழிக்குப் பின்னே ரத்தம் தேங்கியிருந்தது. முதல் ஐந்து நாட்களில் மீண்டும் ரத்தம் கசியக்கூடும் என்பதால் தலையை உயர்த்திப் படுக்கவைத்து, ஓடியாட விடாமல் பார்த்துக்கொண்டோம். ரத்தம் வடிந்தது, பார்வையும் ஏறக்குறைய முழுமையாகத் திரும்பியது. ஆயினும் இத்தகைய அடிபட்ட கண்ணில், கண்ணுக்குள்ளேயே சுரக்கும் நீர் வடியும் பாதை சேதமடைந்து, பல ஆண்டுகள் கழித்தும் கண் அழுத்தம் கூடலாம். வலி இருக்காது, பார்வை மட்டும் ஓரத்திலிருந்து குறைந்துகொண்டே வரும். ஆண்டுதோறும் பரிசோதிப்பதைத் தவிர அதைக் கண்டறிய வழியில்லை. இப்போது கல்லூரியில் படிக்கும் அவர் ஒவ்வொரு தீபாவளி முடிந்த வாரத்திலும் தவறாமல் வந்துவிடுகிறார். சென்ற முறை அழுத்தம் சற்றுக் கூடியிருந்ததால் சொட்டு மருந்தைத் தொடங்கியிருக்கிறோம்.