ரிப்போர்ட் ‘நோர்மல்’, கட்டி அப்படியே

வெள்ளவத்தையில் என்னிடம் நீரிழிவுக்கு மருந்து எடுக்க வரும் ஓர் அக்கா, ஆடி மாதத்தில் ஒருநாள் ஒரு லேப் ரிப்போர்ட்டை மேசையில் வைத்தார். வயது 48. வலது மார்பில் கட்டி. தைப்பொங்கலுக்கு முன்பே குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டதாம்.

“பிளட் செக் பண்ணிப் பார்த்தாச்சு டொக்டர், கேன்சர் இல்லையாம்.”

ரிப்போர்ட்டில் சிஏ 15-3 என்ற இரத்தப் பரிசோதனையின் அளவு 19. பக்கத்தில் அச்சிட்டிருந்த எல்லை 30.

கட்டியைத் தொட்டுப் பார்த்தேன். புளியங்கொட்டை அளவு, கல்லுப் போல. விரலால் தள்ளினால் நகரவில்லை. அதற்கு மேலே தோல் கொஞ்சம் உள்ளே இழுபட்டிருந்தது. ஸ்கேன், மெமோகிராம் என்ற மார்பு எக்ஸ்ரே, ஊசியால் சதை எடுத்துப் பரிசோதனை என்று எல்லாம் முடிந்தபோது புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. இப்போது 138 பஸ்ஸில் மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய் வைத்தியம் செய்கிறார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ‘கேன்சர் டெஸ்ட்’ என்று பெயர் போட்டு, கொலஸ்ட்ரோலோடு சேர்த்து ஒரே பெக்கேஜாக விற்றால் யார்தான் நம்பமாட்டார்கள்? ஆனால் அந்தத் தாளை நம்பி ஆறு மாதம் போய்விட்டதே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

சிஏ 15-3 என்பது மார்பகக் கலங்களின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு புரதத்திலிருந்து உதிர்ந்து இரத்தத்தில் கலக்கும் துண்டு. கட்டி சிறிதாக இருக்கும்போது உதிர்வது மிகக் குறைவு. அதனால் ஆரம்ப கட்டத்தில் பெரும்பாலானவர்களுக்கு அளவு கூடுவதில்லை. ஈரல் நோய் உள்ளவர்களுக்கும், புற்றுநோயல்லாத மார்புக் கட்டி உள்ள சிலருக்கும் கூடலாம். அப்படிக் கூடி வந்த ரிப்போர்ட்டோடு நித்திரையில்லாமல் வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே பரவிய நோய்க்குக் கொடுக்கும் மருந்து வேலை செய்கிறதா என்று ஸ்கேனோடு சேர்த்துப் பார்க்கத்தான் இந்தப் பரிசோதனை உதவும்.

இப்போது இரத்தத்தில் கட்டியின் டிஎன்ஏவையே தேடுகிறார்கள். இது உண்மையிலேயே பெரிய முன்னேற்றம். பரவிய மார்பகப் புற்றுநோயில் பிஐகே3சிஏ என்ற மரபணு மாற்றத்தை இரத்தத்தில் பார்த்து மருந்து தெரிவு செய்ய 2019இலும், ஈஎஸ்ஆர்1 மாற்றத்துக்கு 2023இலும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் சின்னக் கட்டி இரத்தத்தில் விடும் டிஎன்ஏ துளியிலும் துளி. இரத்தத்தில் மிதக்கும் டிஎன்ஏயில் பெரும்பங்கு நம் சொந்த இரத்தக் கலங்களுடையது. அதற்குள் இதைப் பிடிப்பது லேசில்லை. ஆகவே மெமோகிராமுக்குப் பதிலாக இதைச் செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பிஆர்சிஏ என்ற மரபணுப் பரிசோதனை வேறு. பரம்பரையாக வரும் ஆபத்தைத்தான் அது சொல்லும். இன்று கட்டி இருக்கிறதா என்று சொல்லாது.

சரி, கட்டி தட்டுப்பட்டால்? முலைக்காம்பு புதிதாக உள்ளே இழுத்தால், இரத்தம் கசிந்தால், அக்குளில் நெறி கட்டினால்? வலி இல்லை என்று விட்டுவிட வேண்டாம். அந்த அக்காவுக்கும் வலி இருக்கவில்லை. முதலில் ஒரு டொக்டர் கையால் பார்க்க வேண்டும், பிறகு ஸ்கேன் அல்லது மெமோகிராம், தேவைப்பட்டால் ஊசிப் பரிசோதனை. கட்டி எதுவும் தெரியாவிட்டாலும் உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்.) அலுவலகம் நடத்தும் சுகவனிதையர் கிளினிக்கில் மார்பைப் பரிசோதிப்பார்கள். நாரஹேன்பிட்டியில் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டறியும் அரசாங்க நிலையமும் இருக்கிறது. இரண்டு இடத்திலும் காசு கேட்கமாட்டார்கள். கையிலிருக்கும் பழைய ரிப்போர்ட்டையும் கொண்டு போங்கள், ஆனால் கட்டி இருப்பதை முதலில் சொல்லுங்கள்.