காட்டில் கைப்பேசியை நம்பிப் பதிவு செய்கிறவர்களுக்கு

வால்பாறைப் பக்கம் மழைக்காட்டில் விலங்குகளைக் கணக்கெடுக்கப் போனால், முன்பெல்லாம் நோட்டும் பென்சிலும்தான். இப்போது கைப்பேசியிலேயே படிவத்தை நிரப்ப ஓடிகே கலெக்ட் மாதிரி ஒரு செயலி போதும். ராத்திரி உட்கார்ந்து எக்செல்லில் ஏற்றும் பாடு இல்லை. ஆனால் நோட்டில் சந்தேகம் கண்ணுக்குத் தெரியும். அடித்திருப்போம், ஓரத்தில் கேள்விக்குறி போட்டிருப்போம். கைப்பேசியிலோ கண்ணால் பார்த்ததும் ஊகித்ததும் ஒரே மாதிரி பதிவாகிவிடுகின்றன.

ஒருமுறை எங்கள் புள்ளிகளை வரைபடத்தில் போட்டால், சில புள்ளிகள் கேரளத்துக்குள் கிடந்தன. ஜிபிஎஸ் கருவி அட்சரேகையை 10 பாகை 20 நிமிடம் என்று காட்டியதைப் படிவத்தில் 10.20 என்று தட்டியிருந்தோம். ஒரு பாகைக்கு 60 நிமிடம், 10.3333 என்று வந்திருக்க வேண்டும். வித்தியாசம் கிட்டத்தட்ட 15 கிலோமீட்டர்! அதற்கப்புறம் இடக்குறிப்பைக் கையால் தட்டுவதை விட்டுவிட்டோம், செயலியே எடுத்துக்கொள்ளும். அடர்ந்த மரங்களுக்குக் கீழே துல்லியம் 30, 40 மீட்டர் என்று காட்டினால், அட்டை கடித்தாலும் பரவாயில்லை, அது 10 மீட்டருக்குள் இறங்கும்வரை நில்லுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு படிவத்திலேயே ஒளிந்திருக்கும். தூரத்தில் கிளை ஆடுகிறது, கறுப்பாக ஒரு குரங்கு தாவி மறைகிறது. சோலைமந்தியா, கருமந்தியா? பட்டியலில் இரண்டு பெயர்கள்தான் இருக்கின்றன, ஒன்றைத் தொடாமல் அடுத்த திரைக்குப் போக முடியாது என்றால், பதிவு செய்கிறவர் எதையாவது தொடத்தான் செய்வார். அவர்மேல் குற்றமில்லை. 'தெரியவில்லை' என்ற விடை எல்லாக் கேள்விக்கும் இருக்கட்டும். தேடியும் காணவில்லை என்றால் பூஜ்யம் போட வேண்டும். வெற்றாக விட்டால் தேடவே இல்லை என்றுதான் பொருள். பெயர்களைத் தமிழிலும் வையுங்கள். நம்மோடு வரும் காடர் சமூகத்தினர் நம்மைவிடக் காட்டை அறிந்தவர்கள். ஆங்கிலப் பட்டியலை நீட்டி அந்த அறிவை நாம் ஏன் இழக்க வேண்டும்?

சிக்னல் இல்லாத இடத்தில் டவரைத் தேடித் தேடியே சார்ஜ் இறங்கும், ஏரோபிளேன் மோடில் போடுங்கள். பவர் பேங்கும் ஜிப்லாக் பையும் கூடவே இருக்கட்டும். எங்கள் குழுவில் ஒருவர் போனில் இடமில்லை என்று செயலியை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினார். அனுப்பாமல் வைத்திருந்த மூன்று நாள் படிவங்களும் அதோடு போய்விட்டன.

இன்னொன்று, இருவாச்சிக் கூட்டைப் படம் எடுத்தால், படத்தோடு பதிவாகியிருக்கும் இருப்பிடத்தை நீக்காமல் வாட்ஸ்அப் குழுவில் கோப்பாக அனுப்பாதீர்கள். அந்தப் பறவை பெரும்பாலும் அதே மரப்பொந்துக்குத்தான் ஆண்டுதோறும் திரும்பி வரும்.

சாயங்காலம் முகாமுக்கு வந்ததும், சாப்பாட்டுக்கு முன்பே, ஒருவர் பதிவை இன்னொருவர் சத்தமாக வாசிக்கிறோம். "ஓடைப் பக்கம் ஆறு கருமந்தி" என்று வாசித்தால், கூட வந்தவர் "இல்லையே, அதில் ரெண்டு சரியாத் தெரியலைன்னு சொன்னேனே" என்பார். உடனே திருத்திவிட்டு, அதன்பிறகுதான் படிவங்களை அனுப்புகிறோம்.