ஸ்டார்ட்டர் ஏன் ‘டக் டக்’ என்கிறது?

பினாங்கின் பத்து மாவுங்கிலிருந்து ஒரு வாசகர் கேட்டார்: “அண்ணே, படகுக்குப் புது 12 வோல்ட் பேட்டரி போட்டேன். விளக்கு பளிச்சுன்னு எரியுது, பம்ப் ஓடுது. சாவியைத் திருப்பினா மட்டும் எஞ்சின் அசையாம டக் டக் டக்னு அடிக்குது. என்ன கோளாறு?”

விளக்குக்கு 1 ஆம்பியர் போதும். டீசல் எஞ்சினைச் சுழற்றும் ஸ்டார்ட்டருக்கு 200, 300 வேண்டும். ஒயர் நுனியில் மாட்டும் செம்பு வளையம்தான் லக். பச்சைக் களிம்பு பூத்த ஒரு லக்கில் 0.02 ஓம் தடை இருக்கிறதென்று வையுங்கள். 1 ஆம்பியருக்கு இழப்பு 0.02 வோல்ட், யார் கண்ணிலும் படாது. 250 ஆம்பியர் கேட்டால் 5 வோல்ட் அங்கேயே கரைந்துவிடும். அந்த ஒரு லக் 1,250 வாட் இஸ்திரிப் பெட்டியாகச் சுடும். இதற்கு எலுமிச்சம்பழம் நசுக்கிக் கண்ணேறு கழித்தவரைப் படகுத்துறையில் பார்த்திருக்கிறேன். சாறு லக்கில் வழிந்தால் பச்சை இன்னும் சீக்கிரம் பூக்கும், ஐயா! இது தலைவிதி அல்ல, 1827இல் ஜெர்மானியர் ஜார்ஜ் ஓம் வெளியிட்ட விதி.

எனக்குப் பிடித்தது அந்த ‘டக் டக்’தான். சாவியைத் திருப்பியதும், ஸ்டார்ட்டரின் மின்காந்தச் சுவிட்சான சொலனாய்டின் சுருள் காந்தமாகி, உள்ளிருக்கும் இரும்புத் தண்டை இழுத்து, தடித்த செம்பு முனைகளைச் சேர்க்கிறது. டக்! மோட்டாருக்கு வழி திறந்தாயிற்று. நின்றுகொண்டிருக்கும் மோட்டாரோ அகோரப் பசிக்காரன். சுழல ஆரம்பித்தால் அதுவே எதிர் மின்னழுத்தம் உண்டாக்கித் தன் பசியை அடக்கிக்கொள்ளும். நிற்கும்போது அது வெறும் செம்புக் கம்பி, அகப்பட்டதையெல்லாம் இழுக்கும். கெட்ட லக்கில் வோல்ட் சரிய, அதே வழியை நம்பியிருக்கும் சொலனாய்டும் சோர்கிறது. ஸ்பிரிங் தண்டைத் தள்ளிவிடுகிறது, முனைகள் பிரிகின்றன. பாரம் போனதும் வோல்ட் எழும்புகிறது. காந்தம் மறுபடி இழுக்கிறது. டக்! பள்ளிக்கூட மின்மணி அடிப்பதும் ஏறக்குறைய இப்படித்தான்.

ஒயரிங் பற்றிச் சுருக்கமாக: ஸ்டார்ட்டருக்கு ஒரு பேட்டரி, விளக்குக்கும் பம்புக்கும் வேறொன்று. விளக்கு லைனின் ஃபியூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்கட்டும். ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் ஒயருக்குக் காவல் கிடையாது. எஞ்சின் ஓடும்போது மெயின் சுவிட்சை அணைத்தால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் ‘டையோடு’ (diode) எரிந்துபோகலாம். ஸ்பேனர் எடுக்குமுன் மோதிரம், சங்கிலி கழற்றுங்கள். நெகட்டிவை முதலில் பிரியுங்கள். சார்ஜ் ஆகும் ஈய அமில பேட்டரி ஹைட்ரஜன் விடும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றும். பெட்டிக்குக் காற்றோட்டம் வேண்டும்.

போன ஞாயிறு அந்த வாசகரின் படகுக்குப் போனேன். மல்டிமீட்டரின் ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவில், மறுமுனை எஞ்சின் உடம்பில். அவர் மகன் சாவியைத் திருப்பினான். பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டிய எண் துள்ளித் துள்ளி 4ஐத் தொட்டது. எஞ்சின் பக்கத்து லக்கில் சுற்றியிருந்த கறுப்பு டேப்பை உரித்தோம். செம்பு இழைகள் பச்சைப் பொடியாக உள்ளங்கையில் உதிர்ந்தன.