பூட்டிக் கிடந்த கொட்டகையும் கட்டுச்சோறும்

"மூணு மாசம் கொட்டகையைச் சும்மாதான் போட்டிருந்தேன் டாக்டர். ப்ளீச்சிங் பவுடரும் போட்டேன். அப்புறம் எப்படி?"

நாட்டுக்கோழி வளர்ப்பவர் ஒருவர், செத்த குஞ்சுகளைப் பையில் கொண்டுவந்து கேட்டார். நாலு வாரக் குஞ்சுகள். அறுத்துப் பார்த்தால் குருட்டுக்குடல் இரண்டும் வீங்கி, உள்ளே கட்டி கட்டியாக ரத்தம். ரத்தக் கழிச்சல்தான்.

எய்மீரியா என்ற ஒட்டுண்ணியின் வேலை இது. அதன் முட்டை போன்ற ஊசிஸ்ட் எச்சத்தோடு வெளியே விழும். விழுந்தவுடன் அதனால் நோய் வராது. ஈரமும் காற்றும் கதகதப்பும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் உள்ளே எட்டு உயிரிகள் தயாராகிவிடும். அதன்பின் ஒரு கோழி கொத்தும்வரை காத்திருக்கும்.

ஆய்வகங்களில் இதை 2.5 சதவீதப் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலில், 4 டிகிரி குளிரில் சேமிப்பார்கள். பாக்டீரியா பெருக முடியாத அந்த ஆரஞ்சு நிறத் தண்ணீரில் இது மாதக்கணக்கில் கிடக்கும். உறை அவ்வளவு கெட்டி. அதுவா ப்ளீச்சிங் பவுடருக்கு அசையும்?

ஆனால் உள்ளே இருப்பவை கட்டுச்சோற்றோடு உட்கார்ந்திருப்பவை. அமைலோபெக்டின் என்ற மாவுச்சத்துதான் அந்தச் சோறு. குளிரில் மெதுவாகச் செலவாகும், சூட்டில் சீக்கிரம் தீரும். தீர்ந்தபின் மைக்ரோஸ்கோப்பில் ஊசிஸ்ட் முழுசாகத்தான் தெரியும். குடலுக்குள் நுழையத் தெம்பு இருக்காது. அதனால்தான் ஆய்வகத்திலும் சில மாதத்துக்கு ஒருமுறை குஞ்சுகளுக்குக் கொடுத்துப் புதிதாக எடுத்துக்கொள்வார்கள்.

மிச்சக் குஞ்சுகளுக்குத் தண்ணீரில் ஆம்ப்ரோலியம் எழுதிக் கொடுத்துவிட்டு, கொட்டகையைப் போய்ப் பார்த்தேன். புளியமர நிழல், மண் தரை, கசியும் தண்ணீர்த் தொட்டி, மூலையில் காயாத ஈரம். இப்படி ஒரு இடத்தில் மூன்று மாதம் அதற்குப் பெரிய விஷயமே இல்லை. நாட்களை எண்ணிப் பயனில்லை, தரை காய வேண்டும். கசிவை அடைக்க வேண்டும், கிளையைக் கழித்து வெயில் விட வேண்டும். சிமெண்ட் தரையானால் தீ அடிக்கலாம். அம்மோனியா அந்த உறைக்குள் புகும். ஆனால் ப்ளீச்சிங் பவுடர் போட்ட தரையில் அதை ஊற்றிவிடாதீர்கள், கிளம்பும் வாயு ஆளையே சாய்த்துவிடும்.

எல்லாம் சொல்லிவிட்டுத் திரும்பினால், கொட்டகைக்குள்ளேயே ஏழெட்டுச் சாக்குகள். போன தடவை கோழிகளுக்கு அடியில் விரித்து, பிறகு கூட்டி அள்ளிய பழைய தென்னை நார்க்கழிவு.

"அடுத்த தடவைக்கு ஆகுமேன்னு வெச்சிருக்கேன்" என்றார்.

முதலில் அதை வெளியே எடுக்கச் சொன்னேன்.